எல்லைக்கல் தாண்டின முன்னங்கால்

கருவேலங்குளம்,
முதுகுளத்தூர் வழி
6.1.2025

சுகந்திக்கு, உன் மாமியா சோலையம்மாள் எழுதுறது.

நீ போனை எடுக்க மாட்டேங்குற. எடுத்தாலும் நான் வாயைத் தொறக்கிறதுக்குள்ள வெச்சிர்ற. அதான் முதுகுளத்தூர் தபாலாபீசுக்குப் போயி கவர் வாங்கியாந்து எழுதுறேன். அஞ்சாப்போட நிப்பாட்டினவ எழுத்து கோணக்கா மாணக்கான்னுதான் இருக்கும். வாசிச்சுக்க.

அரைப்பரிச்சை லீவு முடிஞ்சுபோச்சு. லீவு விட்ட மக்யா நாளே மாரிச்செல்வி இங்கன வந்து நிப்பா. இந்த வருசம் வரல. ராம்நாட்டு பஸ்சு நிக்கும்போதெல்லாம் ரோட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வந்தேன். இந்தத் தெருவுல பத்தாவது வரைக்கும் மொத மார்க்கு வாங்கிப் படிக்கிற புள்ள என் பேத்தி ஒருத்திதான். அதை ஊருக்கே சொல்லிச் சொல்லித் திரிஞ்சவ நான். இப்ப "எங்க ஒன் டாக்டரம்மா?"ன்னு கேக்குறாளுக. 

உன் மேல இருக்கிற கோவம் வேற, புள்ள வேற. கோவம் எதுக்குன்னு உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதிப்புடுறேன். என் மகன் அருள்முருகன் பொழைக்கணும்னு முனியய்யாவுக்கு நேர்ந்துவிட்ட கடா அது. ஐப்பசி கடைசி வெள்ளி வெட்டினோம். கோயில் எல்லைக்கல்லுக்கு உள்ளாறயே ஆக்கி, உள்ளாறயே தின்னு, மிஞ்சின எலும்பு, தோலு, தின்ன எலை வரைக்கும் குழியில போட்டு மூடணும். ஒரு பொட்டு வெளிய போகக்கூடாது. வாக்கப்பட்டு வந்த பதினேழு வருசத்துல இது உனக்குத் தெரியாததா? முழுசா ஒரு முன்னங்காலை உச்சிப்புளிக்குத் தூக்கிட்டுப் போயி, சதையைச் சுரண்டி, கம்பி போட்டுப் பலகையில கட்டி, என் மகன் படுத்திருந்த கட்டிலுக்குப் பின்னாடியே சாத்தி வெச்சிருந்த. பதினோராம் நாள் அவன் போயிட்டான். நான் என்ன இல்லாததையா சொல்லிட்டேன்?

புள்ளைய அனுப்பு. நீ வர வேணாம்.

சோலையம்மாள்


உச்சிப்புளி
13.1.2025

அத்தைக்கு,

உங்க கடிதம் வந்து ரெண்டு நாள் பிரிக்காம அரிசிப் பானை மேல வெச்சிருந்தேன். நாளைக்குப் பொங்கல். இந்த வீட்டுலயும் இல்ல, உங்க வீட்டுலயும் இல்ல. அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு மட்டும் இன்னைக்குச் சர்க்கரைப் பொங்கல் வெச்சுக் கொடுத்துட்டு வந்து உக்காந்து எழுதுறேன்.

அவர் உடம்பை எடுக்கக் கட்டிலை நகத்தினப்ப அந்தப் பலகையைப் பார்த்தீங்க. "இது எந்த ஆடு?"ன்னு கேட்டீங்க. "நம்ம கடாதான், நான்தான் எடுத்தேன்"னு சொன்னேன். அன்னைக்கே என்னை நாலு அறை அறைஞ்சிருந்தா வாங்கியிருப்பேன். நீங்க அப்பப் பேசல. பதினாறாம் நாள் வரைக்கும் உள்ளுக்குள்ளயே வெச்சிருந்து, உங்க வீட்டுப் பந்தல்ல நாப்பது பேர் எலைக்கு முன்னால உக்காந்திருக்கிறப்ப, "புருசன் உசிரைப் புடுங்கிப் பலகையில கட்டினவ இவ"ன்னீங்க. ஒருத்தர்கூட எலையிலிருந்து தலையைத் தூக்கல. எங்கண்ணன் என் கையைப் புடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்துட்டார். மாரிச்செல்வி தூணுக்குப் பக்கத்துல நின்னா. அவ முகத்தை நீங்க பார்க்கல. நான் பார்த்தேன்.

அதே நாப்பது பேருக்கு முன்னால சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுங்க. எடுத்த மறுநாள் ரெண்டு பேரும் வாரோம். எடுக்க முடியாதுன்னா பிள்ளையைக் கேக்காதீங்க. அவளைத் தனியா எங்கேயும் அனுப்புற நிலைமையில நான் இல்ல. அவ நல்லாயில்ல, அதுக்கு மேல எழுத இஷ்டமில்ல.

சுகந்தி


கருவேலங்குளம்
22.1.2025

சுகந்திக்கு,

புள்ள நல்லாயில்லன்னா என்ன? காய்ச்சலா? என்னன்னு எழுதாம இப்படி ஒத்த வரியில வெட்டி விட்டா நான் இங்கன எப்படிச் சோறு திங்கிறது? ஒனக்குக் கோவம்னா என்னைய ரெண்டு வார்த்தை வஞ்சு எழுது. புள்ளைய வெச்சு என்னைய மிரட்டாத.

சொன்னதைத் திரும்ப எடுக்க மாட்டேன். எந்தத் தெருவுலயும் போயி, தெரியாமச் சொல்லிட்டேன்னு நின்னவ இல்ல நான். என் புருசன் செத்தப்பகூட யார் வீட்டு வாசல்லயும் நிக்காம ஆட்டை வெச்சே மூணு புள்ளைய வளத்தவ.

அந்தக் கடா பொறந்த கதை ஒனக்குத் தெரியாது. தாயாடு ஒரு பகல் முழுக்கக் கத்துச்சு. கைய உள்ள விட்டுத் தடவினேன். உள்ள கண்ணு போகாது, கைதான் பாக்கணும். கால் ஆம்புட்டா மடக்கிப் பாக்கணும். ரெண்டு மடிப்பும் ஒரே பக்கமா மடங்குச்சுன்னா முன்னங்கால். ஒண்ணு இப்படியும் ஒண்ணு அப்படியும் மடங்குச்சுன்னா பின்னங்கால். முன்னங்கால்தான் ஆம்புட்டுச்சு. நிதானமா இழுத்து எடுத்தேன். நெத்தியில வெள்ளை இல்லாத சுத்தக் கருப்பு. அதைத்தான் புரட்டாசியில மகனுக்காக நேர்ந்துவிட்டேன். நான் இழுத்த அதே காலை நீ கொண்டு போயிட்ட.

ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அப்படி அந்தக் காலுல என்னத்தக் கண்டீங்க? பலகையில கோழி றெக்கை இருந்துச்சு, வௌவா இருந்துச்சு, என்னமோ மீன் மாதிரி படம் இருந்துச்சு. சிவப்பும் பச்சையுமா எலும்புக்கெல்லாம் பெயிண்ட் அடிச்சிருந்துச்சு. ஒரு உசிரை விடவா பெருசு அது? அஞ்சாப்பு படிச்சவளுக்குப் புரியாதுன்னு நினைக்காம எழுது.

சோலையம்மாள்


உச்சிப்புளி
3.2.2025

அத்தைக்கு,

கேட்டுட்டீங்க. எழுதுறேன். எனக்கும் இதெல்லாம் உங்க பேத்தி சொல்லித்தான் தெரியும்.

அறிவியல் கண்காட்சிக்குன்னு லத்தீபா டீச்சர் அவளுக்குக் கொடுத்த தலைப்பு, முன்னங்கால். கோழி இறக்கை, கரண்டுக் கம்பியில அடிபட்டு விழுந்த வௌவால், ஆட்டு முன்னங்கால், கடல்பசுவோட துடுப்பு, மனுசன் கை. கடைசி ரெண்டும் படம்தான். மேல பார்த்தா ஒண்ணு பறக்குது, ஒண்ணு நீந்துது, ஒண்ணு நடக்குது. தோலை உரிச்சுட்டா எல்லாத்துலயும் ஒரே அடுக்கு. மேல ஒத்தை எலும்பு, அதுக்குக் கீழ ரெண்டு, அப்புறம் பொடிசு பொடிசா மணிக்கட்டு எலும்பு, அப்புறம் விரல். கடல்பசு துடுப்புக்குள்ள அஞ்சு விரல் இருக்கு அத்தை. நீந்துறதுக்கு விரல் எதுக்கு? வௌவாலுக்கு விரல்தான் குடைக்கம்பி மாதிரி நீண்டு இறக்கையைத் தாங்குது. ஆட்டுக்கு அந்த ரெண்டு எலும்பும் ஒட்டிப் போயிருக்கு, ஒட்டின கோடு தெரியும். நாம ஆட்டு முட்டின்னு சொல்றது முட்டியே இல்ல, மணிக்கட்டு. குளம்பு, நகம். ஆடு நுனிவிரல்ல நிக்குது.

ஒவ்வொண்ணும் தனித்தனியா வந்திருந்தா உள்ள ஒரே அடுக்கா இருக்க வேண்டியதில்ல. எண்ண முடியாத காலத்துக்கு முன்னால ஏதோ ஒரு வம்சத்துல இருந்து எல்லாம் பிரிஞ்சு வந்திருக்கு. அவங்கவங்க பொழைப்புக்குத் தக்கபடி அந்தக் கை மாறிப்போச்சு. "நமக்கும் வௌவாலுக்கும் பங்காளி முறைம்மா"ன்னு சொல்லிச் சிரிப்பா.

ஆட்டுக்கால்தான் கிடைக்கல. கடையில தோள் தனியா, கால் தனியா வெட்டித்தான் தாராங்க. ரெண்டும் ஒரே ஆட்டுதா அமையல. ஒருநாள் அவ அவங்க அய்யாகிட்ட, "முழுசா ஒண்ணு வேணும்யா"ன்னு கேட்டா. அவ்வளவுதான் அவ செஞ்சது.

காலை எடுத்தது நான் இல்ல அத்தை. உங்க மகன்.

நிக்க முடியாம வேப்பமரத்தடியில உக்காந்திருந்தாரே, அங்க இருந்தபடியே எடுத்துத் துண்டுல சுத்திக்கிட்டார். வேன்ல ஏறினப்புறம்தான் எனக்கே தெரியும். அந்தப் பதினோரு நாளும் அவர் செஞ்சது அது ஒண்ணுதான். வேக வெச்சு, சுரண்டி, பிளீச்சிங் பவுடர்ல ஊறப்போட்டு, மழைக்கு நடுவுல வெயில் வந்தப்பல்லாம் காயவெச்சார். டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்தி வீங்கின கையை எலும்புக்குப் பக்கத்துல நீட்டி வெச்சு, "பாரு பாப்பா, இங்க ரெண்டு, அங்க ஒட்டினது"ன்னு அவளுக்கே பாடம் எடுத்தார். முன்ன அவர் ஓட்டின வேனுக்கு வாங்கின பெயிண்ட் மிச்சத்துல, எந்த எலும்புக்கு எது சோடியோ அதுக்கு ஒரே நிறம் அடிச்சார். நோய் வந்த ரெண்டு வருசமா நான் கேக்காத சிரிப்பை அந்த நாள்ல கேட்டேன். 

"ஆத்தா கேட்டா நீ எடுத்ததாச் சொல்லிரு. நான்னு தெரிஞ்சா அது தாங்காது"ன்னார். சொன்னேன்.

இப்ப உங்க பேத்தி. கண்காட்சிக்கு அவ போகவேயில்ல. போன வாரம் லத்தீபா டீச்சர் வீட்டுக்கே வந்துட்டாங்க. திருப்புதல் பரிச்சையில அறிவியல்ல இந்தக் கேள்வி வந்திருக்கு. நம்பரை மட்டும் போட்டுட்டு ஒரு பக்கத்தை அப்படியே வெறுமையா விட்டிருக்கா. நான் கேட்டப்ப, "நான் கேட்டேன், அய்யா எடுத்தாரு, செத்துட்டாரு. இதை வேற எழுதி மார்க் வாங்கணுமா?"ன்னா. அப்புறம், "எலும்பை அப்பத்தாகிட்டக் கொடுத்து அந்தக் குழியிலயே போடச் சொல்லுவோமாம்மா?"ன்னு கேட்டா.

நீங்க என்னைப் பார்த்துச் சொன்னது அவ மேல விழுந்துருச்சு.

சுகந்தி


கருவேலங்குளம்
10.2.2025

சுகந்தி,

நாலு நாளா எழுதிக் கிழிச்சுப் போட்டேன்.

அன்னைக்கு வேன் ஏறுறப்ப அவன் மடியில துண்டு முடிச்சு இருந்துச்சு. "என்னடா அது?"ன்னு கேட்டேன். "விபூதி ஆத்தா"ன்னான். நானும் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டேன்.

ஒன் கடுதாசியை வாசிச்சுட்டுக் ஆட்டுக் கொட்டத்துக்குப் போயி ஒரு வெள்ளாட்டைப் புடிச்சு நிப்பாட்டி, காலைத் தடவிப் பாத்தேன். ஆமா. நெஞ்சோரமா ஒட்டிக்கிட்டு இருக்கிறது முழங்கை. நாம முட்டிங்குறது மணிக்கட்டு. என் கையையும் தடவிப் பாத்துக்கிட்டேன். இந்த வயசு வரைக்கும் எத்தனை குட்டிய உருவி எடுத்திருப்பேன். அம்புட்டையும் மணிக்கட்டைப் புடிச்சுத்தான் வெளிய கூட்டியாந்திருக்கேன், தெரியாமயே.

அவன் போறப்பவும் மணிக்கட்டைத்தான் புடிச்சிருந்தேன். இழுக்க முடியல.

சிவராத்திரி மாசிக்களரிக்குப் பங்காளிக அம்புட்டுப் பேரும் முனியய்யா கோயிலுக்கு வருவாக. அந்த நாப்பது பேரும் இருப்பாக. துக்க வீட்டுக்காரி எல்லைக்குள்ள போகக்கூடாது, கல்லுக்கு இந்தப் பக்கம் நின்னு சொல்லிர்றேன். புள்ளைகிட்ட இப்போதைக்கு ஒண்ணும் சொல்லாத.

சோலையம்மாள்


கருவேலங்குளம்
28.2.2025

சுகந்திக்கு,

சொல்லிட்டேன்.

களரி முடிஞ்சு விடிஞ்ச பெறகு எல்லாரும் வெளிய வார நேரம், கல்லுகிட்ட வழியை மறிச்சு நின்னேன். பூசாரி முத்தழகுதான் முன்னால வந்தாரு. "என்ன சோலையம்மா, ஒனக்கு இங்கன வேலையில்லையே இந்த வருசம்?"ன்னாரு.

"ஒரு வார்த்தை சொல்லணும். அந்தக் காலை என் மருமக எடுக்கல. அவளை நான் சொன்னது பொய்யி"ன்னேன்.

"பெறகு யாரு எடுத்தா?"

 பின்னாடியிருந்து ஒருத்தன், "ஒத்தக்கால் மட்டும் தனியாப் பஸ்சு ஏறிப் போயிருச்சு போல"ன்னான். பொம்பளைகளும் சிரிச்சாளுக.

என் மகன் பேரு நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு சுகந்தி. அவன் எடுத்தான்னு சொன்னா, தன் உசிருக்கு நேர்ந்ததைத் தானே திருடினவன்னு செத்தவனைப் பேசுவாக. எதுக்கு எடுத்தான்னு கேப்பாக. புள்ளைகிட்டப் போயி நிக்கும்.

"நான்தான் எடுத்தேன்"னுட்டேன்.

யாரும் சிரிக்கல. முத்தழகுதான் "பெத்தவளேவா?"ன்னு கேட்டாரு. "பேத்தி படிப்புக்கு"ன்னேன். துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு, "இனி ஒன் வீட்டு வரிய நாங்க வாங்க மாட்டோம்"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. வரி வாங்கலைன்னா அந்தக் கோயிலுக்கும் எனக்கும் ஒண்ணுமில்லன்னு அர்த்தம். மத்தவுகளும் என்னையச் சுத்திக்கிட்டு நடந்து போனாக.

போகட்டும். நீ இப்ப மாரிச்செல்விகிட்டச் சொல்லு. எடுத்தது அப்பத்தாதான், நாப்பது பேரு சாட்சின்னு சொல்லு. அய்யா ஒன்கிட்ட வெளையாட்டுக்கு மாத்திச் சொன்னாருன்னு சொல்லு. பரிச்சைக்கு முன்னாடி சொல்லிரு.

சோலையம்மாள்


உச்சிப்புளி
9.3.2025

அத்தைக்கு,

உங்க கடிதத்தை வாசிச்சு முடிச்சப்ப எனக்கு முதல்ல வந்தது கோவம். உங்களை யார் இதைச் செய்யச் சொன்னது? வார்த்தையைத் திரும்ப எடுக்கத்தான் கேட்டேன். எல்லாத்தையும் இழந்துட்டு வந்து நிக்கக் கேக்கல. அப்புறம் அடுப்படியில உக்காந்து அழுதேன். உங்களுக்கு நான் மருமகளா இருந்த இத்தனை வருசத்துல உங்களை நினைச்சு அழுதது இப்பத்தான்.

மாரிச்செல்வி பள்ளிக்கூடத்துல இருந்து வந்தா. நீங்க சொல்லச் சொன்னபடியே சொன்னேன். அவ பையைக்கூட இறக்கல. "அப்பத்தாவும் பொய் சொல்லுதா?"ன்னா. "ராம்நாடு வரைக்கும் அந்தத் துண்டை நான்தான்மா மடியில வெச்சிருந்தேன். அய்யாவுக்குக் கனமா இருந்துச்சு. எனக்குத் தெரியாதா?"ன்னா.

 அவளே பேசினா. "அய்யா எடுத்துட்டு உன் பேரைச் சொல்லச் சொன்னாரு. நீ நான்தான்னு சொன்ன. இப்ப அப்பத்தா நான்தான்னு சொல்லுது. மூணு பேரும் பழியை மாத்தி மாத்தித் தூக்குறீங்க. எடுத்தது தப்பில்லன்னு ஒருத்தர்கூடச் சொல்லலையேம்மா. அப்பத் தப்புதானே?"

தப்பில்லடின்னு அவளைக் கட்டிப்புடிச்சுக்கிட்டேன். அவ என் கையை எடுத்து விட்டுட்டா. "நீ சொல்லுவ. அப்பத்தா சொல்லட்டும் பார்ப்போம்"ன்னு உள்ள போயிட்டா. பரிச்சை எழுதப் போறதில்லன்னு லத்தீபா டீச்சர்கிட்டச் சொல்லியிருக்கா.

நான் உங்களை ஒண்ணும் கேக்கல. உங்க சாமியைப் பத்தி இப்படி எழுதுங்கன்னு சொல்ல எனக்கு வாய் இல்ல. நடந்ததைச் சொன்னேன்.

சுகந்தி


கருவேலங்குளம்
16.3.2025

மாரிச்செல்விக்கு மொதல்ல எழுதுறேன், பெறகு ஒங்க அம்மாவுக்கு. ரெண்டையும் ரெண்டு பேரும் வாசிச்சுக்கங்க. இதுக்கு மேல மறைக்கிறதுக்கு எனக்குத் தெம்பில்ல.

ஆத்தா, எடுத்தது தப்பில்ல. நீ கேட்டதும் தப்பில்ல, ஒங்க அய்யா குடுத்ததும் தப்பில்ல. முனியய்யா இருக்காரு, அதுல எனக்கு மாத்தமில்ல. ஆனா ஒரு ஆட்டுக்காலுக்கு ஒரு ஆள் உசிரக் கேக்குற சாமின்னு அவரைப் பத்தி நான்தான் சொன்னேன். அவரு சொல்லல.

ஒங்க அய்யா சாகப் போறான்னு எனக்கு முன்னாடியே தெரியும். புரட்டாசி மொத வாரம் ஒங்க அம்மாவை மருந்து வாங்க அனுப்பிட்டு, பெரிய டாக்டரு என்னையும் அவனையும் உக்கார வெச்சுச் சொன்னாரு. இருதயமும் வீங்கிப்போச்சு, ரத்தம் சுத்தம் பண்றதை ஒடம்பு ரொம்ப நாளைக்குத் தாங்காது, தீபாவளி தாண்டினா பெருசு, வீட்டுல வெச்சு நல்லாப் பாத்துக்கங்கன்னாரு. அவன் சும்மா தலைய ஆட்டிக்கிட்டான். வெளிய வந்து, "சுகந்திகிட்டயும் பாப்பாகிட்டயும் சொல்லாத ஆத்தா"ன்னான். சொல்லல. அதுக்குப் பெறகுதான் நேர்ந்தேன். டாக்டரு சொன்னதைக் கேட்டுட்டு, ஒண்ணும் செய்யாம வீட்டுல உக்காந்திருக்க முடியல எனக்கு. கடா வெட்டினதும் தீபாவளிக்குப் பெறகுதான். டாக்டரு சொன்ன நாளைத் தாண்டித்தான் ஒங்க அய்யா இருந்தாரு. அந்தப் பதினோரு நாளும் நீ கேட்ட எலும்பை வெச்சுக்கிட்டு இருந்தாரு. போயி அந்தப் பரிச்சைய எழுது. எனக்காக இல்ல. தெரிஞ்ச பதிலை எழுதாம விடாத.

சுகந்தி, டாக்டரு சொன்னதை ஒன்கிட்ட மறைச்சேன். ஒனக்கும் அவன்கிட்டப் பேச வேண்டியது இருந்திருக்கும். நீ நாளைக்குச் சரியாகும், நாளைக்குச் சரியாகும்னு இருந்திருப்ப. அதை நான் திருப்பிக் குடுக்க முடியாது. அந்தப் பந்தல்ல ஒன்னையச் சொன்னேனே, சொல்றப்பவே எனக்குத் தெரியும் நீ காரணமில்லன்னு. எனக்கு ஒரு ஆள் வேணும்போல இருந்துச்சு. நீ பக்கத்துல நின்ன.

ஒன் மேல பழிய வெச்சிருந்த வரைக்கும் காலையில எந்திரிக்க முடிஞ்சுச்சு. ஒன்னைய வஞ்சுக்கிட்டே ஆட்டை அவுத்துவிடுவேன், வஞ்சுக்கிட்டே மொளகாப் பழம் எடுப்பேன். பெறகு என் மேலயே வெச்சுக்கிட்டேன், அதுவும் ஒரு வகையில தாங்குச்சு. இப்ப தப்பில்லன்னு என் கையால எழுதிட்டேன். மேல இருக்கிறதை ரெண்டு தடவை வாசிச்சும் பாத்துட்டேன். யார் மேலயும் இல்ல. முன்னாடியெல்லாம் அவன் நெனப்பு வந்தா அந்தக் காலு ஞாபகம் வரும், அந்தப் பலகை வரும், நீ வருவ. இப்ப ஒண்ணும் குறுக்க வரமாட்டேங்குது.

என் மகன் செத்துப்போயிட்டான், சுகந்தி.

சோலையம்மாள்